உச்சியில் ஓர் உண்டியல்

'நாங்கள் இருவரும் எவரெஸ்ட் ஏறப் போகிறோம். மீட்டருக்கு ஒரு ரூபாய் கொடுங்கள். வசூலாகும் தொகை முழுவதும் இதய நோயுள்ள குழந்தைகளுக்கு.' ரூபாய் இருக்கும் இடத்தில் பவுண்டோ டாலரோ இருக்கும். குழந்தைகளுக்குப் பதிலாகப் புற்றுநோயோ பள்ளிக்கூடமோ இருக்கும். மற்றபடி வேண்டுகோள் இதேதான். பக்கத்தில் ஒரு படம்: பருத்த ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, தோளில் கைபோட்டபடி கணவனும் மனைவியும், பின்னால் பனிமலை.

குழந்தையின் இதயத்துக்கும் இமயமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை. மலை கூட்டம் சேர்க்கிறது, அவ்வளவுதான். 2009-ல் பிரிட்டனில் பெயர்பெற்ற பாடகர்களும் தொலைக்காட்சிப் பிரபலங்களுமாக ஒன்பது பேர் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவில் ஏறினார்கள். 5,895 மீட்டர். மலேரியா ஒழிப்புக்கு என்று சொல்லித்தான் ஏறினார்கள். மூச்சு வாங்கியதையும் வாந்தி எடுத்ததையும் நாடே பார்த்தது. முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. கொசுவலை கேட்டு அதே ஒன்பது பேர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் எத்தனை பங்கு வந்திருக்கும்?

ஆகவே மலையேறி வசூல் செய்வதே போலித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கணக்குக் கேட்கலாம். எவரெஸ்ட்டில் தெற்குப் பக்கமாக வசந்த காலத்தில் ஏற நேபாள அரசு வாங்கும் அனுமதிக் கட்டணம் மட்டுமே, 2025 செப்டம்பர் முதல், வெளிநாட்டவர் ஒருவருக்கு 15,000 டாலர். அதற்கு முன் 11,000. இது வெறும் நுழைவுச் சீட்டு. ஷெர்பா, ஆக்ஸிஜன் உருளை, கூடாரம், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றையும் கூட்டினால் தம்பதிக்கு ஒரு லட்சம் டாலர் மிகச் சுலபமாகக் கரைந்துபோகும். அவர்கள் திரட்டிக் கொடுத்தது ஐம்பதாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 'வீட்டிலேயே இருந்துகொண்டு அந்த ஒரு லட்சத்தைக் கொடுத்திருக்கலாமே' என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை.

கேள்வி நியாயமாகத் தோன்றும். எனக்கு அது பாதி நியாயம்தான். அந்த ஒரு லட்சம் அவர்கள் பத்து வருடமாகச் சேர்த்த சொந்தப் பணம். மலைக்குப் போகாவிட்டால் அது வீட்டுக்கடனுக்கோ காருக்கோ போயிருக்குமே தவிர, மருத்துவமனைக்குப் போயிருக்காது. முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய ஐம்பதாயிரமும் வந்திருக்காது. இரண்டு பைகளும் தனித்தனியாக இருக்கிறவரை எனக்குப் புகார் இல்லை. புகார் எங்கே என்றால், ஒரு பை இன்னொன்றுக்குள் போகும் இடத்தில். மேலை நாடுகளில் 'தர்மப் பயணம்' என்ற பெயரில் நடக்கும் பல சுற்றுலாக்களில், நீங்கள் குறைந்தது இவ்வளவு வசூலித்துத் தர வேண்டும் என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் ஒரு பகுதி பயணச் செலவுக்கே போகும். பொடி எழுத்தில் அதை எழுதியும் வைத்திருப்பார்கள். பத்து பவுண்டு கொடுத்த பாட்டி அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதில்லை.

தம்பதியாகப் போவதில் வசூலுக்கு ஒரு தனி வசதி உண்டு. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் மாப்பிள்ளையின் வருமானத்தை விசாரித்துவிட்டா எழுதுகிறார்? பந்தலுக்கு வந்தாயிற்று, எழுதுகிறோம். மலையேறும் ஜோடிக்குப் பணம் அனுப்புவதும் ஏறக்குறைய அதே மனநிலைதான்.

இந்த வகை ஜோடிகளின் வரலாறு அப்படியொன்றும் பழையதல்ல. 1990 அக்டோபர் 7 அன்று ஸ்லோவேனியாவின் ஆண்ட்ரெய், மரியா ஷ்ட்ரெம்ஃபெல் இருவரும் சேர்ந்து எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். உலகின் உச்சியைச் சேர்ந்து தொட்ட முதல் தம்பதி. 2002 மே மாதம் அமெரிக்காவின் பில், சூசன் எர்ஷ்லர் எவரெஸ்ட்டை எட்டி, ஏழு கண்டங்களின் ஏழு உச்சிகளையும் ஒன்றாக ஏறிய முதல் ஜோடி ஆனார்கள். பில் அதற்குள் குடல் புற்றுநோயிலிருந்து மீண்டவர். 2005 மே 30 அன்று நேபாளத்தின் மோனி முலேபதியும் பேம் தோர்ஜே ஷெர்பாவும் ஏறியது இன்னொரு விதம். ரோட்டரி சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டிய குழுவில் போனவர்கள், உச்சியில் நின்ற சில நிமிடங்களில் மாலை மாற்றிக்கொண்டு கல்யாணத்தையே முடித்துவிட்டார்கள். மோனி நேவார் சமூகத்துப் பெண், பேம் தோர்ஜே ஷெர்பா சமூகத்தவர். ஜாதி கடந்த திருமணம். ஊரில் பத்திரிகை அடித்து, சம்மதம் கேட்டு, முகூர்த்தம் பார்ப்பதைவிட எவரெஸ்ட் ஏறுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஏமாற்றும் உண்டு. 2016-ல் புனேயைச் சேர்ந்த போலீஸ் தம்பதி ஒன்று எவரெஸ்ட் ஏறிவிட்டதாக அறிவித்தது. பாராட்டுக்கு வந்த கூட்டம் கலைவதற்குள், அந்த உச்சிப் படம் வேறொரு இந்திய மலையேறியினுடையது என்றும், அதை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றும் தெரிந்துவிட்டது. நேபாள அரசு பத்து ஆண்டுகள் தடை போட்டது. அடுத்த ஆண்டு வேலையும் போனது. அவர்கள் தர்மத்துக்கு உண்டியல் குலுக்கியதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் இந்தத் தொழிலின் முதலீடே நம்பிக்கைதான் என்பதால், அடுத்து ஏறப் போன உண்மையான ஜோடிகளுக்கும் அதில் கொஞ்சம் அடி விழுந்தது.

மாமியார் வைத்த சம்பந்தம்

மலையின் பெயரால் பணம் திரட்டியதில் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் உதாரணம், மனைவி எவரெஸ்ட்டே ஏறாத ஒரு தம்பதி. எட்மண்ட் ஹிலாரியும் லூயிஸும்.

1953 மே 29 அன்று டென்சிங்கோடு எவரெஸ்ட்டைத் தொட்ட மனிதருக்கு, ஒரு பெண்ணிடம் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா' என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவருக்காக அந்தப் பேச்சை எடுத்தவர் லூயிஸின் அம்மா. மாப்பிள்ளைக்குப் பதிலாக மாமியாரே சம்பந்தம் பேசினார். அதே செப்டம்பரில் திருமணம் நடந்தது. லூயிஸ் வயோலா வாசிக்கும் இசைக்கலைஞர். அப்பா நியூசிலாந்து மலையேறிகள் சங்கத்தின் தலைவராக இருந்தவர்.

1960-ல் ஹிலாரி மறுபடி இமயமலைக்குப் போனபோது, எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பகுதியில் ஷெர்பாக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்? அவர்கள் பள்ளிக்கூடம் கேட்டார்கள். தர்மம் செய்யப் போகிற பலரும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. கொடுக்கிறவருக்குப் பிடித்ததைக் கொடுப்பதுதான் உலக வழக்கம். 1961-ல் கும்ஜுங் கிராமத்தில் அலுமினியத் தகட்டில் ஒரு பள்ளி எழுந்தது. 1966-ல் குண்டே கிராமத்தில் மருத்துவமனை. இடையில் 1964-ல் லுக்லாவில் விமான ஓடுபாதை. மண் இறுகுவதற்காக ஷெர்பாக்கள் கைகோத்து அதன்மேல் ஆடி மிதித்தார்கள். ஹிலாரி தொடங்கிய இமாலய அறக்கட்டளை இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளைக் கட்டியது. கும்ஜுங் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் விமானி ஆனார். ஒருவர் சாகர்மாதா தேசியப் பூங்காவின் தலைமைக் காப்பாளர் ஆனார். ஒருவர் டாக்டராகி, அதே குண்டே மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றார்.

பணம் எங்கிருந்து வந்தது? எவரெஸ்ட் ஏறிய பெயரிலிருந்துதான். ஹிலாரி ஊர் ஊராகப் போய்ப் பேசினார், கம்பெனிகளின் கதவைத் தட்டினார். வசூலில் அவர் கூச்சமே படவில்லை. கல்யாணப் பேச்சில் இருந்த கூச்சம் இதில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. லூயிஸ் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கும்புவுக்கு நடந்தே போனார். அந்தப் பயணங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். கட்டுமான வேலை நடந்த இடங்களில் முகாம் போட்டார்.

எல்லாமே நல்லதாக முடிந்தது என்று சொல்ல முடியாது. மருத்துவமனைக்குச் சாமான் கொண்டுவரப் போட்ட லுக்லா ஓடுபாதை, சுற்றுலாக்காரர்களுக்கு வாசலாகிவிட்டது. அடுப்புக்கும் விடுதிக்கும் காடு வெட்டுப்பட்டது. ஹிலாரியே பின்னாளில் அதை எண்ணி வருந்தினார். 1976-ல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக ஆனதில் அவருடைய முயற்சியும் உண்டு.

1975 மார்ச் 31. ஹிலாரி ஃபாப்லு என்ற ஊரில் இன்னொரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார். லூயிஸும் பதினாறு வயது மகள் பெலிண்டாவும் அவரைப் பார்க்கக் காட்மாண்டுவிலிருந்து சிறு விமானத்தில் கிளம்பினார்கள். ஏறிய சில நிமிடங்களில் விமானம் விழுந்தது. இருவரும் இறந்துபோனார்கள். ஹிலாரி பல ஆண்டுகள் அந்தத் துயரத்திலிருந்து வெளியே வர முடியாமல் தவித்தார். ஃபாப்லு மருத்துவமனை பின்னர் கட்டி முடிக்கப்பட்டது. 2008-ல் இறக்கும்வரை அறக்கட்டளை வேலையை அவர் விடவில்லை.

சுமந்தவர்களின் வீடு

தர்மத்துக்காக ஏறுகிற ஜோடியிடம் நான் கேட்க விரும்பும் இன்னொரு கேள்வி, உங்கள் மூட்டையை யார் தூக்கினார்கள் என்பது. 2014 ஏப்ரல் 18 காலையில் கும்பு பனியருவியில் பெரும் பனிப்பாளம் சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டவரின் கூடாரமும் கயிறும் சாப்பாடும் தூக்கிக்கொண்டிருந்தவர்கள். குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய், ஏறக்குறைய 400 டாலர். ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். எவரெஸ்ட்டின் தெற்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் ஏற்றமே ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கு இரண்டு வருடம் முன்பே டேவ் மோர்ட்டன், மெலிசா ஆர்னாட் என்ற இரு அமெரிக்க மலையேறிகள், மலையில் இறக்கும் தொழிலாளர்களின் குடும்பத்துக்கு ஐந்து ஆண்டுகள் பணம் தரும் ஜூனிப்பர் நிதியைத் தொடங்கியிருந்தார்கள். தூரத்துக் குழந்தைகளுக்காக மீட்டருக்கு ஒரு ரூபாய் கேட்பவர்கள், பக்கத்தில் மூச்சிரைக்க நடக்கும் ஆளின் இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

இதைத் தெரிந்து வைத்திருந்த ஒரு ஜோடி கான்ராட் ஆங்கரும் ஜென்னியும். அவர்கள் கதை ஒரு சாவில் தொடங்குகிறது. 1999 அக்டோபரில் ஷிஷபங்மா மலையில் பனிச்சரிவு வந்தபோது ஆங்கர் ஒரு பக்கம் ஓடித் தப்பித்தார். இன்னொரு பக்கம் ஓடிய நண்பர் அலெக்ஸ் லோ, கேமராக்காரர் டேவிட் பிரிட்ஜஸுடன் புதைந்துபோனார். ஜென்னி அலெக்ஸின் மனைவி. மூன்று சிறு பையன்கள். 2001-ல் ஆங்கரும் ஜென்னியும் திருமணம் செய்துகொண்டு அந்தப் பையன்களை வளர்த்தார்கள். அலெக்ஸின் பெயரில் அறக்கட்டளை வைத்து, ஃபோர்ட்ஸே கிராமத்தில் ஷெர்பாக்களுக்கு மலையேற்றப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். ஏறும் பருவம் இல்லாத குளிர்காலத்தில் கயிறு, பனிக்கட்டி ஏற்றம், மீட்பு, முதலுதவி எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பரம்பரை பரம்பரையாக மலையில் சுமை தூக்கியவர்களுக்கு மலையேறச் சொல்லிக் கொடுப்பதா என்று வெளியே இருப்பவருக்குச் சிரிப்பு வரலாம். பலர் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், பனிச்சுவரிலேயே, முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் நிலைமை. 2016-ல் ஷிஷபங்மாவின் பனி உருகி, அலெக்ஸின் உடல் வெளியே தெரிந்தது. ஆங்கரும் ஜென்னியும் பையன்களோடு அங்கே போய்க் காரியங்களை முடித்தார்கள்.

பதினான்கில் பதினொன்று

இனி நான் சொல்லப்போகும் தம்பதி வசூலுக்காக மலையேறியவர்கள் அல்ல. கொடுத்ததைவிட வாங்கியதால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவர்கள்.

நிவெஸ் மெரோய், ரோமானோ பெனெட். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஆஸ்திரியாவும் ஸ்லோவேனியாவும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தர்விசியோ பக்கத்துக்காரர்கள். உலகில் 8,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் பதினான்கு. ஆக்ஸிஜன் உருளை இல்லை, மேல் முகாம்களுக்குச் சுமை தூக்க ஆள் இல்லை என்ற ஏற்பாட்டில் இருவரும் 1998-ல் நங்க பர்பத்தில் தொடங்கினார்கள். 2003-ல் இரண்டு கஷெர்ப்ரம்களையும் பிராட் பீக்கையும் இருபது நாளில் முடித்தார்கள். 2006-ல் கே-2. 2007-ல் எவரெஸ்ட். 2008 தொடக்கத்தில் மகாலுவில் குளிர்கால முயற்சியின்போது நிவெஸின் கால் உடைந்தது. ரோமானோவும் நண்பரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதே ஆண்டு மனஸ்லுவை எட்டியதோடு கணக்கு பதினொன்று.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகைகள் 'முதல் பெண் யார்' என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தன. பதினான்கையும் ஏறிய முதல் பெண் என்ற பட்டத்துக்கு ஸ்பெயினின் எதுர்னே பாசபான், ஆஸ்திரியாவின் கெர்லிண்டே கால்டன்ப்ரூன்னர், கொரியாவின் ஓ யுன்-சுன், இத்தாலியின் நிவெஸ் என்று நான்கு பெயர்கள் ஓடின.

2009 மே. கஞ்சன்ஜங்கா. ஏறக்குறைய 7,500 மீட்டர் உயரத்தில் ரோமானோவால் நடக்க முடியவில்லை. நீ போய்விட்டு வா, நான் இங்கே இருக்கிறேன் என்றார். நிவெஸ் நல்ல உடல்நிலையில் இருந்தார். உச்சிக்குப் போகும் பலம் இருந்தது. அவர் திரும்பினார். இருவரும் இறங்கினார்கள். பந்தயம் நிவெஸுக்கு அத்தோடு முடிந்தது.

இதைத் தியாகம் என்று எழுதிவிடுவது சுலபம். நிவெஸைப் பற்றி எழுதிய பலரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் இன்னொரு ஜோடியையும் பாருங்கள்: 2011-ல் கே-2-வில் கெர்லிண்டேயின் கணவர் ரால்ஃப் டுய்மோவிட்ஸ் பனிச்சரிவு அபாயம் கண்டு திரும்பினார். கெர்லிண்டே தொடர்ந்து ஏறி, ஆக்ஸிஜன் இல்லாமல் பதினான்கையும் முடித்த முதல் பெண் ஆனார். அவர் செய்தது கல்நெஞ்சமா? கணவர் நல்ல உடல்நிலையோடு பத்திரமாகக் கீழே இருந்தார். ரோமானோவோ இறங்கவே துணை தேவைப்பட்ட நிலையில் இருந்தார். நிவெஸ் அன்று பார்த்தது ஒரு நோயாளியை. அதற்கு மேல் யோசிக்க அங்கே எதுவும் இல்லை.

ஊர் திரும்பியதும் நோயின் பெயர் தெரிந்தது. கடுமையான அப்ளாஸ்டிக் அனீமியா. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதை நிறுத்திவிடும் நோய். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உயரே போகப் போக, கிடைக்கும் கொஞ்ச ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்க உடல் சிவப்பணுக்களை அதிகம் செய்கிறது. செய்வது மஜ்ஜை. உருளையில்லாமல் ஏறுகிற மனிதன் தன் மஜ்ஜையை நம்பித்தான் ஏறுகிறான். பதினொரு மலைகளுக்கு ரோமானோவைத் தூக்கிச் சென்ற அதுதான் நின்றுபோயிருந்தது.

மருந்தில் சரியாகவில்லை. முகம் தெரியாத ஒருவர் மஜ்ஜை கொடுத்தார். மாற்று சிகிச்சை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. அப்படிப் பிழைத்தவருடைய ரத்த அணுக்கள் அதன்பின் கொடுத்தவரின் மரபணுவோடுதான் உருவாகும். 2014 மே மாதம் அந்த ரத்தத்தோடு ரோமானோ கஞ்சன்ஜங்கா உச்சியில் நின்றார், நிவெஸும் கூட நின்றார். 2016-ல் மகாலு. 2017 மே 11-ல் அன்னபூர்ணா. பதினான்கையும் ஒன்றாக ஏறிய முதல் தம்பதி, அதுவும் உருளையில்லாமல். தங்கள் கயிற்றில் மூன்றாவதாக அந்தக் கொடையாளரும் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். அது அழகான பேச்சு என்பதைவிட, மருத்துவப்படி உண்மை.

இந்த மாதிரிக் கொடை எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பின்னாலும் ஒரு தம்பதி இருக்கிறது. ஜெர்மனியில் மெக்டில்ட் ஹார்ஃப் என்ற பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய். நாடு முழுக்க அப்போது பதிவில் இருந்த கொடையாளர்கள் சுமார் 3,000 பேர்தான், யாரும் பொருந்தவில்லை. 1991-ல் கணவர் பீட்டர் ஹார்ஃபும் சில நண்பர்களும் டி.கே.எம்.எஸ். என்ற பதிவகத்தைத் தொடங்கினார்கள். ஒரே ஆண்டில் 68,000 பேர் சேர்ந்தார்கள். மெக்டில்டைக் காப்பாற்ற முடியவில்லை. பதிவகம் இன்று பல நாடுகளில் இயங்குகிறது.

கூடப் பிறந்த ஒருவருடைய திசு பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இல்லையென்றால் அந்நியரைத் தேட வேண்டும். திசு வகை வம்சாவளியாக வருவதால், ஒரு தமிழ் நோயாளிக்குப் பொருந்துகிறவர் பெர்லினில் கிடைப்பதைவிட இந்தியாவில் கிடைக்கும் வாய்ப்பே அதிகம். ஆனால் நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் நாட்டில் பதிவு செய்தவர்கள் சில லட்சம்தான். சென்னையில் 2009-ல், ரோமானோ படுக்கையில் விழுந்த அதே ஆண்டில், தாத்ரி என்ற பதிவகம் தொடங்கப்பட்டது. 18 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுப்பதுதான் பதிவு. பொருத்தம் வந்தால், பெரும்பாலும் எலும்பைத் தொடவே மாட்டார்கள். சில நாள் ஊசி போட்டுக்கொண்ட பிறகு, கையிலிருந்து ரத்தம் எடுத்து, வேண்டிய ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடலுக்கே திருப்பி அனுப்புவார்கள். சில மணி நேர வேலை. கொடுத்த அளவை உடல் சில வாரங்களில் ஈடுசெய்துகொள்ளும். யாருக்குப் போகிறது என்று தொடக்கத்தில் கொடுப்பவருக்குச் சொல்ல மாட்டார்கள், யார் கொடுத்தார் என்று வாங்குபவருக்கும் சொல்ல மாட்டார்கள்.